சுவரைப் பார்த்து நின்ற பலகை

அத்தியாயம் 1

"நுழைவுச் சீட்டுல பேயும் சேர்த்தியா, இல்ல அதுக்குத் தனியா வாங்கணுமா?" என்று கேட்டான் கொக் பெங்.

சூட் ஃபூன் சிரிக்கவில்லை. பெக்கான் தீமா என்ற ஊரின் பாரம்பரியக் குழுவுக்குச் செயலாளர் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களுக்குப் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுபவளும் அவளே. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு, கொக் பெங்கை விட்டுவிட்டு அவனுடைய முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"உங்க ஆளு எப்பவுமே இப்படித்தானா?"

"பயந்தா மட்டும்" என்றாள் நியூக் லான். "காலையில ஈப்போவுல கார் ஏறினதுலேர்ந்து வாய் மூடல."

ஹியூ நியூக் லானுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, வாயில் எந்நேரமும் ஓர் உப்புப் பிளம் பழம். முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். செத்ததாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. அது சலித்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தாள். கொக் பெங் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், சாப்பாட்டு ஆலோசகன். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பசி. திருடனுக்குப் பயப்பட மாட்டான். ஊதுபத்தி வாசனைக்குப் பயப்படுவான்.

இங்கே ஊதுபத்தி வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. ஹக்கா மொழி பேசும் சீனர்களின் சங்கக் கூடம் அது. ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை செய்யச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த கூலிகள், கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டியது. நடுக் கூடத்தின் பின்சுவர் முழுக்க முன்னோர் பலகைகள் அடுக்கடுக்காக ஏறிப்போயின. கறுப்பு மரத்தில் பொன் எழுத்தில் பெயர்கள். ஊதுபத்திப் புகை பட்டுப்பட்டுப் பாதிப் பெயர்களை வாசிக்க முடியவில்லை. அத்தனை பேரும் வரிசையில் நின்று தன்னையே பார்ப்பதுபோல் கொக் பெங்குக்குத் தோன்றியது.

ஒருவரைத் தவிர. மேல் வரிசையில் ஒரு பலகை மட்டும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றது.

"சூங் தெக் ஃபா" என்றாள் சூட் ஃபூன். "இதுக்கு முந்தி ரெண்டு ஞாயித்துக்கிழமையும் நானே திருப்பி வெச்சேன். நேத்து ஞாயித்துக்கிழமை, ஆளுங்க போனதும் வந்து பார்த்தா மறுபடி இப்படி. நீங்க பார்க்கணும்னுதான் தொடாம விட்டிருக்கேன்."

"யாரு இந்த தெக் ஃபா?"

"கொலை செய்யப்பட்டவர். எங்க தாத்தா காலத்துல. ரகசியக் கும்பல் ஒண்ணு இந்த ஊரை ஆட்டிவெச்ச நேரம். தெக் ஃபா ரொம்ப தைரியசாலியாம். கும்பல் தலைவனைப் போலீசுக்குக் காட்டிக் குடுத்திருக்கார். கும்பல் கையில மாட்டாம தப்பிச்சிட்டார். ஆனா கூடவே சுத்தின கூட்டாளி கையில மாட்டிக்கிட்டார். லம்பத்துக் குளத்தோரம் ரெண்டு பேரும் கத்திச் சண்டை போட்டதை ஊரே பார்த்துச்சு. அன்னைக்கு ராத்திரி கூட்டாளி மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சு திரும்பி வந்தார். பல நாள் கழிச்சுப் பிணம் மிதந்துச்சு. மீன் தின்னு முகமே இல்ல. சட்டையை வெச்சுத்தான் தெக் ஃபான்னு தெரிஞ்சுக்கிட்டாங்க."

"கூட்டாளிக்கு என்ன ஆச்சு?"

"கொன்னதைப் பார்த்த சாட்சி இல்லன்னு போலீஸ் விட்டுடுச்சு. ஊரு விடல." சூட் ஃபூன் பின்வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

முற்றத்தில் கூன் விழுந்த கிழவர் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். வூன் கிம் லோய். கல்யாணம் ஆகவில்லை, உறவு இல்லை. வாலிபத்திலிருந்து இந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைத்து, பின்னாலேயே ஓர் அறையில் படுத்துக்கொள்கிறார்.

"அவரேதான் செய்யறாருன்னு எங்க குழு நினைக்குது" என்றாள் சூட் ஃபூன். "கொன்னவருக்கு செத்தவர் முகத்தைப் பார்க்க முடியல. அடுத்த வாரம் கூட்டம். அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா ஆதாரம் இல்லாம ஒரு கிழவரை வெளியே தள்ளினா நாளைக்கு ஊரு என்னைத்தான் பேசும்."

"ஆதாரம் வாங்கத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"அவர் இந்தக் கதையை மறுத்திருக்காரா?"

"ஒரு வார்த்தை பேசினதில்ல. ஞாயித்துக்கிழமை ஆளுங்க வரும்போது பின்பக்கமே இருங்கன்னு சொல்லிட்டோம். இந்தக் கதையைத்தான் எல்லாரும் விரும்பிக் கேக்கறாங்க. சொல்றப்ப அவர் எதிர்ல நின்னா நல்லா இருக்காதுல்ல?"

நியூக் லான் பிளம் கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "முகத்தைப் பார்க்க முடியாதவரு, இத்தனை வருஷம் தினமும் அதைத் துடைச்சிருக்காரு. வாரம் முழுக்கச் சாவி அவர்கிட்ட. ஆனா பலகை திரும்பறது மட்டும் ஞாயித்துக்கிழமை, கூட்டம் இருக்கற நேரத்துல. கொக் பெங், உனக்கு என்ன தோணுது?"

"தன் வீட்டுச் சமையலறையில திருட, விருந்தாளி வர்ற நாளாப் பார்த்து ஒளிஞ்சு போவானா ஒருத்தன்? சாவி இல்லாத ஆளுக்குத்தான்க்கா கூட்டம் வேணும்."

"முக்காலி எடுத்துட்டு வா. அதை இறக்கு."

"நானா?"

"அவர் உன்னைக் கடிக்க மாட்டார். சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார்."

கொக் பெங் முக்காலியில் ஏறி, சுற்றியிருந்த பெயர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பலகையை இறக்கினான். முகப்பில், பெயருக்கு நேர்மேலே பிசுபிசுவென்று ஏதோ இருந்தது. அதில் சிவப்புத் தாள் ஒரு நகத்தளவு ஒட்டிக்கொண்டிருந்தது. மீதித் தாள் கிழிந்து பலகைக்குப் பின்னால் விழுந்திருந்தது.

அவன் விரலால் தொட்டான். முகர்ந்தான். யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டான்.

"சீ!" என்றாள் சூட் ஃபூன்.

"கயா" என்றான் கொக் பெங். "தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை. பாண்டான் இலை கொஞ்சம் தூக்கல். கடையில விக்கிற டப்பா கயா இல்லக்கா, கையால கிண்டினது."

நியூக் லான் அந்தச் சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

முற்றத்துக்குப் போனார்கள். கிம் லோய் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா, உங்களை இங்கேர்ந்து அனுப்பப் பார்க்கறாங்க. தெரியுமா?" என்று கேட்டாள் நியூக் லான்.

"தெரியும்."

"வருத்தமா இல்லையா?"

துடைப்பம் நின்றது. "போகச் சொன்னாப் போறேன். கடைசி அறையில தினம் ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கணும். அதை யாரு செய்வாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"யாருக்குக் கஞ்சி?" என்றான் கொக் பெங்.

"அங்க இருக்கறவனுக்கு."

கிழவர் மறுபடி பெருக்க ஆரம்பித்தார். கொக் பெங் அதற்குப் பிறகு நகைச்சுவையாக எதையோ யோசித்துப் பார்த்தான். வரவில்லை.

கடைசி அறை கூடத்தின் வலப்பக்கம் இருந்தது. வாடகை அறையில் பிணம் விழுந்தால் தரித்திரம் என்று, உறவில்லாத கூலிகளைச் சாகும் தறுவாயில் தூக்கிவந்து கிடத்திய இடம். இப்போது, பார்க்க வருபவர்களுக்காக, மூன்று பலகைக் கட்டில்களில் மூன்று பொம்மைகள் படுத்திருந்தன. கந்தல் சட்டை, ஒட்டிய கன்னம், கூரையைப் பார்க்கும் கண்ணாடிக் கண்கள். நடுக் கட்டிலின் காலடியில் நிஜமான கிண்ணத்தில் நிஜமான கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது.

*

ஊரில் கையால் கயா கிண்டும் கோப்பிக் கடை ஒன்றுதான். கூடத்துக்கு எதிரே, ஐந்தடி நடைபாதையைக் கடந்தால் போதும். கடைக்காரி தாய் மூய் அகலமான பெண்மணி. வாடிக்கையாளர்களைத் திட்டியே வாடிக்கையாளர்களைச் சம்பாதித்தவள்.

"ரொட்டி இல்லாம கயா மட்டும் கேட்ட ஆளு யாராவது உண்டா?" என்றாள் நியூக் லான்.

"உண்டே! ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்ற கிழவரு. எல்லாரும் படம் புடிக்கறேன்னு தெருவை அடைச்சுக்கிட்டு நிப்பாங்க, இவரு மட்டும் வந்து உக்காந்து சின்னத் தட்டுல கயா வாங்குவாரு. தின்னாலும் பரவாயில்ல. காகிதத்துல மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கறாரு! நான் மணிக்கணக்கா நின்னு கிண்டினதை!"

"பாவி" என்றான் கொக் பெங், மனப்பூர்வமாக. அவன் முன்னால் இரண்டு தட்டு ரொட்டி காலியாகியிருந்தது.

"சிவப்புத் தாள் ஏதாவது கேட்டாரா?"

"கேக்கவே இல்ல. புத்தாண்டுக்கு வாசல்ல ஒட்டினதுல மிச்சம் இதோ தொங்குதே, இதுலேர்ந்து கிழிச்சுக்கிட்டாரு. வயசானவராச்சேன்னு விட்டேன்."

"எந்த ஊர்க்காரராம்?"

"தாய்லாந்து. ஹாட் யாய்லேர்ந்து வர்ற பஸ்தான் அது. அந்தப் பஸ்காரங்க அவரை பிராசெர்ட்னு கூப்பிடுவாங்க. ஆனா என்கிட்ட ஹக்கா பேசினாரே! நம்ம ஊரு ஹக்கா. எங்க அப்பா பேசற மாதிரி." தாய் மூய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "முதல் தடவை வந்தப்ப, 'குழாய் மேட்டுப் பக்கமா ஒரு மேசை குடு'ன்னாரு. லம்பத்து மண்ணைக் குழாயில ஏத்தின அந்த மேட்டை நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே இடிச்சிட்டாங்க. இப்ப அங்க ஏரி. ஏரிப் பக்கம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கே அந்தப் பேரு மறந்து போயிருந்துச்சு."

வெளியே வந்ததும் நியூக் லான் நடைபாதைத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"உயிரோட இருக்கும்போதே சில பேரு தன் பேரைப் பலகையில எழுதி வெச்சுக்குவாங்க. அவங்க சாகற வரைக்கும் அந்தப் பேரு மேல என்ன ஒட்டுவோம், கொக் பெங்?"

"சிவப்புத் தா..." அவன் நடுவிலேயே நின்றான். எதிரே கூடத்தின் இருண்ட வாசல் தெரிந்தது. "அக்கா. வேணாம்க்கா."

"அவமானப்படுத்தறதுக்காக ஒட்டினதில்ல அது. இந்தப் பேருக்காரன் இன்னும் சாகல, இவனுக்கு ஊதுபத்தி காட்டாதீங்கன்னு யாரோ சொல்லிட்டுப் போயிருக்காங்க. குழாய் மேடு இருந்த காலத்துல இந்த ஊர்ல வாழ்ந்த ஒருத்தர்."

"அப்ப தெக் ஃபான்னு சொல்லிப் புதைச்சது யாரை?"

நியூக் லான் பிளம் கொட்டையைக் காகிதத்தில் துப்பி, மடித்து, பையில் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கொக் பெங் கடைசி அறையின் நடுக் கட்டிலில், கந்தல் சட்டை மாட்டி, ஓலைத் தொப்பியால் பாதி முகத்தை மறைத்துப் படுத்திருந்தான். அங்கே கிடந்த பொம்மையைச் சூட் ஃபூனின் அலுவலறையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இவ்வளவு குண்டா ஒரு கூலி இருந்திருக்க முடியுமான்னு யாராவது கேட்டா?" என்று முனகியிருந்தான்.

"நல்லாச் சோறு போட்ட லம்பம்னு நினைச்சுக்கட்டும். படு."

பலகையைத் திருப்பும்போதே பிடித்தால் அந்தப் பஸ் கிழவர் பயந்துபோய் மறுத்துவிடுவார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எங்கே போகிறார் என்று பார்க்க வேண்டும். அதுதான் நியூக் லானின் திட்டம். சூட் ஃபூனிடம் அவள் முழுதும் சொல்லவில்லை. கதையை வழக்கம்போலவே சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. குடைகளை உதறும் சத்தம், குழந்தையின் அழுகை. சூட் ஃபூனின் குரல் கூடத்தில் எழுந்து எதிரொலித்தது. குளத்தோரம் சண்டை, நனைந்து திரும்பிய கூட்டாளி, மீன் தின்ற முகம். கேட்டவர்கள் "ஐயோ" என்றார்கள். ஒருவன் சிரித்தான். அந்தக் கதையைப் படுத்துக்கொண்டு கேட்பது வேறு மாதிரி இருந்தது கொக் பெங்குக்கு. முதுகுக்குக் கீழே பலகை நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. எத்தனை முதுகுகள் தேய்த்த குழி என்று நினைத்ததும் எழுந்து ஓடத் தோன்றியது.

கூட்டம் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பிறகு செருப்புச் சத்தம் ஒன்று திரும்பி வந்தது. மெதுவாக, ஒரு காலை இழுத்து. வாசலில் நின்றது. உள்ளே வந்தது. கட்டிலின் ஓரம் ஒரு பக்கமாக அழுந்தியது. யாரோ அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தைலமும் ஈரத் துணியும் கலந்த வாசனை.

"என் சட்டை உனக்குப் பெருசா இருந்துச்சு" என்றது ஒரு கிழக் குரல், பழைய ஹக்காவில். "கையை மடிச்சு விட்டோம். ஞாபகம் இருக்கா?"

கொக் பெங் அடக்கி வைத்திருந்த மூச்சு, அவனைக் கேட்காமலேயே பெரிதாக வெளியே வந்தது. வயிறு ஏறி இறங்கியது.

கிழவர் அலறவில்லை. ஓடவும் இல்லை. கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா" என்றார். "வருவேன்னு தெரியும்."

அந்தப் பிடியிலிருந்த நிம்மதி கொக் பெங்கைக் கலக்கிவிட்டது. கையை உருவிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. தொப்பியை விலக்கி, "ஐயா, நான் அவர் இல்லீங்க" என்றான் மெல்ல. "நான் ஈப்போவுலேர்ந்து வந்த கொக் பெங்."

கதவுக்குப் பின்னாலிருந்து நியூக் லான் வந்தாள். "உக்காருங்க, சூங் தெக் ஃபா. பயப்படாதீங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் கிழவரின் முகம் சுருங்கி விரிந்தது. மறுக்க வாயெடுத்தார். பிறகு, எத்தனையோ வருடம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் இருக்கலாம், தலையை ஆட்டினார்.

"சுத்திப் பார்க்கத்தான் முதல்ல வந்தேன். சாகறதுக்கு முந்தி ஒரு தடவை ஊரைப் பார்த்துடணும்னு. அந்தப் பொண்ணு நின்னு என் கொலையைக் கதையா சொல்லுது! கிம் லோய்தான் கொன்னான்னு சொல்லுது. அவன்மேல பழி விழுந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். சத்தியமா."

"அதுக்கப்புறமும் வந்தீங்களே, அவர்கிட்ட போகலையே?"

"அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அதான் முக்காலியில ஏறிப் பலகையைத் திருப்பினேன், தாளை ஒட்டினேன். யாராவது புரிஞ்சுக்குவாங்கன்னு."

"கும்பல்கிட்டேர்ந்து தப்பிக்கச் செத்துப்போகணும். அதுக்கு ஒரு பிணம் வேணும். இந்தக் கட்டில்லேர்ந்து எடுத்திருக்கீங்க. ஆனா ஒரு பிணத்தைத் தனியா ஒரு ஆளு தூக்கிட்டுப் போக முடியாது." நியூக் லான் குனிந்தாள். "கையை மடிச்சு விட்டோம்னு சொன்னீங்க. கூட யாரு?"

"நான்தான்" என்றது வாசலில் இன்னொரு குரல்.

கிம் லோய் நின்றிருந்தார், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. அவருக்குப் பின்னால் சூட் ஃபூன், நெஞ்சில் கை வைத்து.

கொக் பெங் இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டிப்பிடிப்பார்கள் அல்லது அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தான். இரண்டும் நடக்கவில்லை. கிம் லோய் உள்ளே வந்து, முந்தைய நாள் வைத்த கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புதுக் கிண்ணத்தை வைத்தார்.

"உடம்பு பெருத்துட்டே" என்றார்.

"லோய்..." என்று ஆரம்பித்தார் தெக் ஃபா. "உன்னைக் கொலைகாரன்னு சொல்லுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. சண்டை போட்டது உன் யோசனைதானே! எல்லாரும் நம்பணும்னு..."

"நல்லா நம்பிட்டாங்க."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே நீ!"

"சொன்னா உன்னைத் தேடி வந்திருப்பாங்க."

சூட் ஃபூனால் அடக்க முடியவில்லை. "அந்தக் கும்பல் செத்து மண்ணாப் போய் எத்தனை வருஷம் ஆச்சு, மாமா! அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? எங்க தாத்தா சாகற வரைக்கும் உங்களைப் பார்த்தா காறித் துப்புவாரு. நான்..." அவள் குரல் அறுந்தது. "நான் வாராவாரம் மைக் புடிச்சுச் சொல்லிட்டு இருக்கேன்."

கிம் லோய் அவளை உற்றுப் பார்த்தார். கோபமில்லாத பார்வை.

"சொன்னா என்ன ஆகும், பொண்ணே? குழியைத் தோண்டுவாங்க. தெக் ஃபா இல்லன்னா இது யாருன்னு கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல. எலும்பை மூட்டையில கட்டி எங்கேயாவது கொண்டு போய்ப் போடுவாங்க. இங்கேன்னா, தப்பான பேருல இருந்தாலும் ஒரு பலகை இருக்கு. ஊதுபத்தி கிடைக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே வந்து கும்புடுது." அவர் தெக் ஃபாவின் பக்கம் திரும்பினார். "தாளை ஒட்டிட்டுப் போனியாமே. உன் பேரை மூடினே. அவனுக்கு ஒரு ஊதுபத்தியாவது ஏத்தினியா?"

தெக் ஃபா தலை குனிந்தார். மழை ஓட்டில் அடித்தது.

"எப்படிச் செத்தாரு அவரு?" என்று மெதுவாகக் கேட்டாள் நியூக் லான்.

"காய்ச்சல். அப்ப இந்த அறைக்குக் கஞ்சி கொண்டு வர்ற வேலை எனக்கு. என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். எங்கேர்ந்தோ நடந்தே வந்து வாசல்ல விழுந்தான். செத்த ராத்திரியே நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டோம். காலையில சவப்பெட்டிக்காரன் வந்து பிணம் எங்கேன்னு கேட்டான். உடம்பு தேறி எழுந்து போயிட்டான்னு சொன்னேன்." கிழவர் பழைய கிண்ணத்தை மறு கைக்கு மாற்றினார். "இந்த அறையிலேர்ந்து யாரும் எழுந்து போனதில்ல. பெட்டிக்காரனுக்கு அவ்வளவு சந்தோஷம். கும்பிட்டுட்டுப் போனான்."

சூட் ஃபூன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தெக் ஃபாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அது மரியாதையான பிடி இல்லை. ஓடிவிடுவாரோ என்ற பிடி.

"வாங்க. மழைக்கு எல்லாரும் கூடத்துலதான் நிக்கறாங்க. எதிர்க்கடை தாய் மூயும் நிக்கறா. அவகிட்ட சொன்னாப் போதும், சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். நான் சொன்னது பொய்னு நான் சொல்றேன். மீதியை நீங்க சொல்லுங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"அவரை எல்லார் முன்னாடியும்தானே கொலைகாரர்னு சொன்னோம்?"

தெக் ஃபா வாசலில் ஒரு கணம் நின்று நண்பனைத் திரும்பிப் பார்த்தார். கிம் லோய் தலையை ஒருமுறை அசைத்தார், போ என்பதுபோல. மன்னித்துவிட்டார் என்று கொக் பெங்கால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலை இழுக்கும் சத்தம் கூடத்துக்குப் போனது. சற்று நேரத்தில் அங்கே பேச்சு அடங்கியது. பிறகு பெருங்கூச்சலாக எழுந்தது. தாய் மூயின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

கிம் லோய் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கொக் பெங் எழுந்துவிட்ட கட்டிலைக் கையால் நீவிச் சரிசெய்தார்.

"துப்புக் கண்டுபிடிக்கறவங்கன்னு சொன்னாங்க உங்களை" என்றார் நியூக் லானிடம். "உயிரோட இருக்கறவனைக் கண்டுபிடிச்சிட்டீங்க. செத்தவனைக் கண்டுபிடிச்சுத் தர முடியுமா?"

"பேரு சொன்னாரா உங்ககிட்ட?"

"கேட்டேன். கையை ஆட்டிட்டான். வீட்டுக்குச் சொல்லிவிடட்டுமான்னு கேட்டேன். அதுக்குத்தான் வாயைத் திறந்தான். 'வீட்டுக்குத் தெரிய வேணாம். நான் நல்லா இருக்கேன்னே அவங்க நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்'னான். அவ்வளவுதான்." கிழவர் கட்டிலின் குழியைப் பார்த்தார். "அதான் இத்தனை காலமும் நான் யாரையும் விசாரிக்கல. அவன் கேட்டுக்கிட்டான். ஆனா இப்ப அந்த வீட்டுல காத்துக்கிட்டு இருந்தவங்க யாரும் உயிரோட இருக்க மாட்டாங்க, இல்லையா? இனிமே சொல்லலாம்ல?"

நியூக் லான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஹக்காவுலயா பேசினாரு?"

"இல்ல. வேற பேச்சு. எனக்கு அரைகுறையாத்தான் புரிஞ்சுது. அப்புறம் ஒரு மருந்துக்கடைக்காரர்கிட்ட அர்த்தம் கேட்டேன். ஆனா சத்தம் மறக்கல. மறந்துடக் கூடாதுன்னு தினமும் கஞ்சி வைக்கறப்ப ஒரு தடவை சொல்லிப்பேன்."

"சொல்லுங்க."

கிம் லோய் கண்ணை மூடினார். கூன் முதுகு சற்றே நிமிர்ந்தது. அவர் வாயிலிருந்து வந்தது அவருடைய குரல் இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் ஒரு வாலிபனின் குரல். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இழுத்து, மேலே ஏறி, உடைந்து இறங்கும் பேச்சு.

கொக் பெங்கின் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. பயத்தால் இல்லை. சீனக் கடலோரத்து ஹெங்ஹுவாப் பேச்சு அது. மலாயாவில் அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வீடு என்ற சொல்லை அப்படி இழுத்துச் சொல்ல அவன் கேட்டது ஒரே ஒருவரைத்தான். அவன் அம்மாவை. கப்பலேறிப் போன தன் சித்தப்பா ஒருவர் எங்கேயோ நன்றாக இருக்கிறார் என்று, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அவன் கட்டிலருகே மண்டியிட்டான்.

"மாமா" என்றான். "இன்னொரு தடவை சொல்லுங்க."